வண்டி போய்விட்டது, பாக்கி வரவில்லை: 40,000 ரூபாயை வசூலிக்க எந்த வழி?

பழைய காரை 3,50,000 ரூபாய்க்குப் பேசி முடிக்கிறார்கள். 3,10,000 கைக்கு வருகிறது. மீதி 40,000 "பேர் மாறினதும் தர்றேன்", "சீட்டு எடுத்ததும் தர்றேன்" என்று நிற்கிறது. சாவி கைமாறிய பிறகு பேச்சும் மாறுகிறது. வாங்கியவர் முதலில் போன் எடுக்க மாட்டார். அப்புறம் எடுத்து, "கிளட்ச் போயிடுச்சு, அதுல கழிச்சுட்டேன்" என்பார். வக்கீலிடம் போனால் ஃபீஸுக்கே பாதி போய்விடும், விட்டால் மனசு கேட்காது. தமிழ்நாட்டில் இந்த நிலையில் இருப்பவருக்கு உள்ள வழிகள் எவை, எது யாருக்குப் பொருந்தும் என்பதைப் பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கையில் என்ன காகிதம் இருக்கிறது? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். டெலிவரி ரசீதில் "மீதி ரூ.40,000 பாக்கி" என்று எழுதி அவர் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒரு வழி. செக் இருந்தால் வேறு வழி. வாட்ஸ்அப் பேச்சு மட்டும் என்றால் இன்னொரு வழி. கடையில் விற்கும் அச்சடித்த டெலிவரி ரசீதுகளில் பெரும்பாலும் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். அந்த ஒரு வரியால் வழக்கு செத்துவிடாது, உண்மையில் எவ்வளவு வந்தது என்று சாட்சி சொல்லலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில் விழும்.

அவர் பாக்கியை ஒத்துக்கொள்கிறாரா? "இருக்கு, இப்ப பணமில்லை" என்பவரும் "நான் தர வேண்டியதே இல்லை" என்பவரும் இரண்டு வெவ்வேறு வழக்குகள். வண்டியில் நீங்கள் உறுதி சொன்ன ஒன்று பொய்யாகிப்போனால், அந்த நஷ்டத்தை விலையில் கழிக்கும்படி கேட்க 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்கியவருக்கு இடம் தருகிறது. அதேபோல, "வங்கி என்ஓசி வந்ததும் மீதி" என்று பேசியிருந்து, அந்த என்ஓசியை (கார் கடன் முடிந்ததற்கு வங்கி தரும் தடையில்லாச் சான்று) நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்றால், பாக்கி கேட்கும் நாளே பிறக்கவில்லை. முதலில் உங்கள் பக்கத்தை முடியுங்கள்.

கெடு. பாக்கியைக் கொடுக்கத் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டு. குறிக்கவில்லை என்றால் வண்டியை ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டு. அந்தக் கெடுவுக்குள் "இவ்வளவு பாக்கி" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து 3 ஆண்டு புதிதாக ஓடும். கெடு முடிந்த பிறகு வாங்கும் கையெழுத்துக்கு அந்தப் பலன் இல்லை.

தீர்ப்பு வந்தால் எதைப் பிடிப்பது? சம்பளமா, வங்கிக் கணக்கா, அதே காரா? இதற்குப் பதில் தெரியாமல் கோர்ட்டுக்குப் போனால் காகிதத் தீர்ப்புதான் மிஞ்சும்.

ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது? பலர் யோசிக்காதது இது. அதனால் முதலில் இதையே பார்த்துவிடலாம்.

## பெயர் மாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது

பாக்கி வரும்வரை பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட மாட்டேன், ஓடிபி சொல்ல மாட்டேன் என்பதுதான் பெரும்பாலானோர் எடுக்கும் முதல் ஆயுதம். செலவில்லாதது போலத் தெரியும். உண்மையில் இதைவிட ஆபத்தான வழி இந்தப் பட்டியலில் இல்லை.

வண்டி அவரிடம் ஓடுகிறது, ஆர்சி உங்கள் பெயரில் இருக்கிறது. இ-சலான் உங்கள் போனுக்கு வரும். விபத்து நடந்து அப்போது இன்சூரன்ஸும் காலாவதியாகி இருந்தால், இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பதிவேட்டில் உள்ள உரிமையாளரைத்தான் தேடி வரும். வண்டியை விற்றுவிட்டேன் என்று சொன்னாலும் பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 40,000-க்காகப் பல லட்சத்துக்குத் தலையை நீட்டுவதாகும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை என்பதால், எதிர்த்தரப்பு வக்கீல் உங்களையே குற்றம் சொல்லவும் இது வழிவிடும்.

சாவியை இன்னும் கொடுக்காதவருக்குக் கதை வேறு. வண்டி உங்கள் வசம் இருக்கும்வரை, விலை முழுதாக வரும்வரை நிறுத்தி வைக்கும் உரிமை சட்டத்திலேயே உண்டு. ஒப்படைத்ததும் அந்த உரிமை போய்விடும். அதற்குப் பிறகு இன்னொரு சாவியை வைத்து ராத்திரியில் வண்டியை எடுத்து வருவது திருட்டு வழக்கில் முடியும், ஆர்சி உங்கள் பெயரில் இருந்தாலும்கூட.

ஆகவே பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, பாக்கியைத் தனியாக வசூலிப்பதே சரி. கையெழுத்துப் போடும் அந்த நாளிலேயே பாக்கிக்கு ஒரு எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கும் அன்று உங்கள் கையெழுத்து வேண்டும் என்பதால் மறுக்க மாட்டார்.

## வழி 1: எழுத்து வாங்கித் தவணை போடுவது

"இருக்கு, தர்றேன்" என்பவரிடம் முதலில் முயல வேண்டியது இதுதான். போனில் சண்டை போடுவதற்குப் பதில், பதில் வரும்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம் சார். மார்ச் 12 அன்று நீங்கள் எடுத்த மாருதி ஸ்விஃப்ட் வண்டிக்குப் பேசிய விலை 3,50,000. இதுவரை வந்தது 3,10,000. மீதி 40,000. மாதம் 10,000 வீதம் நான்கு தவணையாகத் தந்தால் போதும். முதல் தவணை எந்தத் தேதி என்று சொல்லுங்கள்."

இதற்கு "5-ஆம் தேதி போடுறேன்" என்று பதில் வந்தாலே, கடன் இல்லை என்று பின்னால் சொல்ல முடியாமல் போகும். அந்தப் போனைப் பத்திரமாக வைத்திருங்கள். கோர்ட்டில் வாட்ஸ்அப் பேச்சைக் காட்ட, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பிரின்ட் எடுத்து நீட்டினால் எதிர்த்தரப்பு முதல் நாளே ஆட்சேபிக்கும்.

அடுத்த படி புரோநோட், அதாவது பணத்தைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டு. தொகை எண்ணிலும் எழுத்திலும், தேதி, "கேட்கும்போது தருகிறேன்" என்ற வாசகம், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். கையெழுத்து ஸ்டாம்பின் மேல் ஏறி விழ வேண்டும். ஸ்டாம்பை ஒட்டிவிட்டுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கினால், ரத்து செய்யாத ஸ்டாம்ப் ஒட்டாததற்குச் சமம். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டிக்கூடச் சாட்சியமாக்க முடியாது. ஒரு ரூபாய்க்காக 40,000 ரூபாய்க் காகிதம் குப்பையாகும் இடம் இது.

அந்த எழுத்தில் வட்டியும் சேர்த்து எழுதுகிறேன் என்று அவர் சொன்னால் ஆண்டுக்கு 12 சதவீதத்தோடு நிறுத்துங்கள். மாதம் ஐந்து வட்டி, பத்து வட்டி என்று எழுதினால், தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தைக் காட்டி உங்கள் மேலேயே புகார் கொடுக்க ஒரு சாக்கு கிடைக்கும்.

இதில் மறைந்திருக்கும் செலவு காலம்தான். தவணை தவணையாகத் தள்ளி இரண்டு வருஷம் ஓட்டுபவர்கள் உண்டு. இரண்டு தவணை தவறினால் அடுத்த வழிக்குப் போக வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 40,000-க்கு 32,000 உடனே தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்வது பெரும்பாலும் லாபம். "கணக்கு முடிந்தது" என்று எழுதிக் கொடுப்பது பணம் கணக்கில் ஏறிய பிறகு மட்டுமே.

## வழி 2: வக்கீல் நோட்டீஸ்

பணம் இருந்தும் இழுப்பவர்களிடம் நோட்டீஸ் நன்றாக வேலை செய்யும். வீட்டுக்குத் தபால் வந்து மனைவியோ அப்பாவோ கையெழுத்துப் போட்டு வாங்கும்போது விஷயம் வீட்டுக்குள் தெரிந்துவிடுகிறது, பாதி வசூல் அங்கேதான் நடக்கிறது. பணமே இல்லாதவரிடமும், வாடகை வீட்டை மாற்றிக்கொண்டே இருப்பவரிடமும் இது வெறும் தபால் செலவு.

நோட்டீஸில் வேண்டியவை: வண்டி எண், ஒப்படைத்த தேதி, பேசிய விலை, வந்த தொகைகள் தேதிவாரியாக, மீதி, 15 நாள் கெடு. மிரட்டும் வாசகம் எதுவும் தேவையில்லை. வெறும் பாக்கிக்கான நோட்டீஸை வக்கீல் இல்லாமல் நீங்களே எழுதியும் அனுப்பலாம். பதிவுத் தபால் இப்போது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டதால், கவுண்டரில் பதிவு வசதியும் வழங்கல் சான்றும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். "கதவு பூட்டியிருந்தது", "வாங்க மறுத்தார்" என்று உறை திரும்பினால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பிய தபால் சேர்ந்ததாகவே கருதப்படும்.

நோட்டீஸ் அனுப்பியதால் 3 ஆண்டுக் கெடு நிற்காது. நிற்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

## வழி 3: மக்கள் நீதிமன்றம்

சிறு தொகைக்கு இதுதான் நம் ஊரில் பலர் எட்டிப் பார்க்காத கதவு. வழக்கே போடாமல், தாலுகா கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ ஒரு வெள்ளைத்தாள் மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மனுவோடு ஆர்சி நகல், டெலிவரி ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பிரின்ட், அவருடைய முழு முகவரி, போன் எண் வையுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

எதிர்த்தரப்புக்கு அழைப்பு போகும். வந்து உட்கார்ந்து ஒத்துக்கொண்டால் அதை எழுதி இருவரும் கையெழுத்திட, அது கோர்ட் தீர்ப்புக்குச் சமமாகிறது. அப்பீல் கிடையாது. சொன்னபடி தராவிட்டால், புதிதாக வழக்குப் போடாமல் அதை நிறைவேற்றித் தரும்படி கோர்ட்டில் கேட்கும் நிறைவேற்று மனுவுக்கு நேராகப் போகலாம்.

பலவீனமும் வெளிப்படையானது. அவர் வரவில்லை என்றால், வந்தும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மக்கள் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாது. மனு மூடப்படும். தொகையில் தகராறு உள்ள இடத்தில், உதாரணமாகக் கிளட்ச் செலவு 9,000-ஐக் கழிப்பதா வேண்டாமா என்ற மாதிரி விஷயத்தில், இதுதான் சிறந்த இடம். எழுதும்போது தவணைத் தேதிகளையும், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரியையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: செக் இருந்தால் 138

பாக்கிக்கு அவர் செக் கொடுத்திருந்து, அது பணமில்லை என்றோ "ஸ்டாப் பேமென்ட்" என்றோ திரும்பினால், கையில் இருப்பதிலேயே கூர்மையான ஆயுதம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. குற்ற வழக்கு என்பதால் அவரே கோர்ட்டுக்கு வந்து ஜாமீன் எடுக்க வேண்டும். 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் கணக்கில் செக்கைப் போட்டிருந்தால், உங்கள் வங்கிக் கிளை உள்ள ஊரிலேயே வழக்கு. அவர் கன்னியாகுமரியில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டாம். அவர் குற்றத்தை மறுத்தால், வழக்கு முடியும் முன்பே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் நாள் கணக்கில் பிசகினால் எல்லாம் போகும். ஒரு கணக்கு பாருங்கள்:

- செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும்.
- ஜூன் 5 அன்று ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதற்கு வங்கி தரும் சீட்டு) கைக்கு வந்தால், 30 நாளுக்குள், அதாவது ஜூலை 5-க்குள் நோட்டீஸ் போக வேண்டும்.
- ஜூலை 10 அன்று அவர் வாங்கினால், 15 நாள், ஜூலை 25 வரை அவருக்கு அவகாசம். அதற்கு முன் வழக்குப் போட்டால் செல்லாது.
- அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஆகஸ்ட் 25-க்குள் தாக்கல் செய்துவிடுவது பத்திரம்.

நோட்டீஸ் தேதியைத் தவறவிட்டால் ஒரு வழி உண்டு: செக்கின் 3 மாதம் இன்னும் முடியாவிட்டால் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பினால் கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம்.

இரண்டு பொறிகள். ஒன்று, நோட்டீஸில் கேட்கும் செக் தொகை செக்கில் உள்ளதோடு அப்படியே பொருந்த வேண்டும். வட்டியையும் வக்கீல் செலவையும் அதோடு கலந்து 46,000 என்று எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். இரண்டு, 40,000 ரூபாய்க்குச் செக் கொடுத்த பிறகு அவர் 10,000 ஜிபேயில் அனுப்பியிருந்தால், அந்தச் செக்கை முழுத் தொகைக்கு வங்கியில் போடாதீர்கள். அன்றைய தேதியில் கடன் 30,000 தான். அப்படிப் போட்ட செக் திரும்பினால் 138 நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. 30,000-க்கு வேறு செக் கேட்டு வாங்குங்கள்.

## வழி 5: சிவில் வழக்கு

சிறு தொகை என்பதால் முன்சீப் கோர்ட். அவர் குடியிருக்கும் ஊரிலோ, வண்டி கைமாறிய ஊரிலோ போடலாம். கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 2017 முதல் 3 சதவீதம். 40,000-க்கு 1,200 ரூபாய். பயப்படும் அளவுக்கு இல்லை. வழக்கு நடுவில் சமரசமானால் அதுவும் திரும்பக் கிடைக்கும். உண்மையான செலவு வக்கீல் ஃபீஸும் வாய்தாவுக்கு லீவு போடும் நாட்களும். வக்கீலிடம் மொத்தமாக, தீர்ப்பு வரைக்கும் இவ்வளவு, நிறைவேற்றத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் பேசிக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்.

அவர் கையெழுத்திட்ட புரோநோட்டோ, "மீதி இவ்வளவு, இந்தத் தேதிக்குள்" என்ற ஒப்பந்தமோ இருந்தால், வக்கீலிடம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37-இன் கீழ்ச் சுருக்கமுறை வழக்குப் போடச் சொல்லுங்கள். அதில் எதிர்த்தரப்பு 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். பிறகு, வாதாட எனக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று காட்டி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் நேராகத் தீர்ப்பு. எழுத்தில் எதுவும் இல்லாதவருக்குச் சாதாரண வழக்குதான், அது நீளும்.

தீர்ப்புக்குப் பிறகுதான் உண்மையான வேலை. மாதம் 25,000 சம்பளம் வாங்கும் தனியார் ஊழியர் என்று வையுங்கள். முதல் 1,000 ரூபாயையும், மீதி 24,000-இல் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. மிச்சம் 8,000 மாதாமாதம் ஜப்தி ஆகும். ஐந்து மாதத்தில் 40,000 வந்துவிடும். தினக்கூலிக்காரரிடம் இந்த வழி இல்லை. அப்போது அந்தக் காரையே ஜப்தி செய்யக் கேட்கலாம், அது அவர் பெயரில் இருந்தால். இன்னும் உங்கள் பெயரிலேயே இருந்தால் உங்கள் வண்டியை நீங்களே ஜப்தி செய்யக் கேட்கும் விநோதம் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. விலையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியிருந்தால், வருமான வரிச் சட்டப்படி அது தவறு. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரை போகலாம். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் கைமாறியதாகச் சொல்லும் வழக்குகளை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் கீழ்க் கோர்ட்டுகளுக்குச் சொல்லியிருக்கிறது. 3,10,000-ஐக் கட்டாக வாங்கியவர், 40,000-க்கு வழக்குப் போடும் முன் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

## வழி 6: போலீஸ்

ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கு சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள், கூப்பிட்டுப் பேசுவார்கள், சில நேரம் பணம் வந்தும்விடும். ஆனால் கொடுக்கல் வாங்கல் பாக்கி சிவில் விவகாரம். ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு, வண்டி எடுக்கும்போதே தரக்கூடாது என்ற எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். முக்கால் பணம் கொடுத்தவரிடம் அதைக் காட்டுவது கஷ்டம். போலி யுபிஐ ஸ்கிரீன்ஷாட் காட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருந்தாலோ, பொய்ப் பெயரும் பொய் ஆதாரும் கொடுத்திருந்தாலோ போலீஸ்தான் முதல் வழி. ஆன்லைன் பணமோசடி என்றால் 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே போன் போடுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்கு இதில் வேலையே இல்லை. அங்கே போக நீங்கள் பொருளை வாங்கியவராக இருக்க வேண்டும்.

## ஒரு பார்வையில்

| வழி | வேண்டிய காகிதம் | செலவு | எப்போது பொருந்தும் | எங்கே சறுக்கும் |
|---|---|---|---|---|
| எழுத்து, தவணை | எதுவும் இல்லாமலே தொடங்கலாம் | இல்லை | கடனை ஒத்துக்கொள்பவர் | இழுத்தடிப்பு |
| நோட்டீஸ் | சரியான முகவரி | தபால், வக்கீல் ஃபீஸ் | பணம் இருந்தும் தராதவர் | கெடுவை நிறுத்தாது |
| மக்கள் நீதிமன்றம் | இருப்பதெல்லாம் | இல்லை | தொகையில் தகராறு | அவர் வராவிட்டால் முடிந்தது |
| 138 | திரும்பிய செக், மெமோ | வக்கீல் ஃபீஸ் | செக் கொடுத்தவர் | ஒரு நாள் பிசகினாலும் |
| சிவில் வழக்கு | கையெழுத்திட்ட எழுத்து | 3% கட்டணம், வக்கீல், காலம் | சம்பளமோ சொத்தோ உள்ளவர் | நிறைவேற்றம் |
| போலீஸ் | மோசடிக்கான ஆதாரம் | இல்லை | போலி ஆவணம், போலிப் பணம் | வெறும் பாக்கிக்கு |

பாக்கி 10,000-க்குள் என்றால் முதல் மூன்று வழிகளோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். 40,000 அளவில், செக் இருந்தால் 138, கையெழுத்து இருந்தால் மக்கள் நீதிமன்றம், அது பலிக்காவிட்டால் சுருக்கமுறை வழக்கு என்ற வரிசை சரியாக இருக்கும். செக்கும் இல்லை, கையெழுத்தும் இல்லை என்றால், நோட்டீஸுக்கு முன் அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்புங்கள். நோட்டீஸைப் பார்த்த பிறகு யாரும் "ஆமாம், தரணும்" என்று எழுதமாட்டார்கள்.

மூன்று ஆண்டில் ஆறு மாதம்கூட மிச்சமில்லாதவர் இந்த வரிசையைப் பார்க்க வேண்டாம். மக்கள் நீதிமன்றத்தில் பேச்சு நடக்கிறது என்பதற்காகவும் கெடு நிற்காது. முதலில் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, பிறகு அங்கிருந்தே சமரசத்துக்கு அனுப்பக் கேளுங்கள். கடைசி நாள் மே மாதக் கோர்ட் விடுமுறைக்குள் விழுந்தால், கோர்ட் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். அந்த ஒரு நாள் மட்டும்தான், மறுநாள் கிடையாது.